கேஸ்லிங்குக்கு முன் பாயும் காய்கள்: எப்போது பலிக்கும், எப்போது திருப்பியடிக்கும்

கோலாலம்பூரில் செந்தூலாகட்டும் பிரிக்ஃபீல்ட்ஸாகட்டும், தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாடச் செஸ் வகுப்பில் மாணவர்களின் ஆட்டத் தாள்களைப் புரட்டினால் ஒரே மாதிரித் தோல்வி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். நான்காவது ஐந்தாவது நகர்விலேயே குதிரையோ ராணியோ எதிராளியின் எல்லைக்குள் பாய்ந்திருக்கும். பத்தாவது நகர்வுக்குள் பாய்ந்த காய் ஒன்று போயிருக்கும், அல்லது வந்த வழியே திரும்பியிருக்கும். ராஜா மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். கேட்டால், "செக் கொடுத்தா நல்லதுதானே சார்?" என்று பதில் வரும்.

நல்லதா இல்லையா என்பதை உணர்ச்சியை வைத்துச் சொல்ல முடியாது, எண்ணித்தான் சொல்ல முடியும். அந்த எண்ணிக்கையை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. எம்.எஸ்.எஸ்.டி. (மாவட்ட அளவு), எம்.எஸ்.எஸ்.எம். (மலேசிய அளவு) பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளுக்குத் தயாராகும் மாணவர்களையும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதியது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வெறும் கண்ணால் படித்தால் பாதிதான் ஏறும்.

கட்டங்களை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்ற எட்டு வரிசைகளாலும் 1 முதல் 8 வரையிலான எண்களாலும் குறிக்கிறோம். காய்களின் பெயர்: ராஜா, ராணி, ரூக், பிஷப், குதிரை. சிப்பாய் நகர்ந்தால் கட்டத்தை மட்டும் எழுதியிருக்கிறோம். × என்றால் வெட்டு. எண்ணுக்குப் பிறகு மூன்று புள்ளி வந்தால் அது கறுப்பின் நகர்வு. ராஜா தாக்கப்பட்டால் செக், அதிலிருந்து தப்ப வழியே இல்லையென்றால் மேட். ராஜா ரூக்கை நோக்கி இரண்டு கட்டம் நகர, ரூக் அதைத் தாண்டி மறுபக்கம் வந்து நிற்பதே கேஸ்லிங்; இரண்டும் சேர்ந்து ஒரே நகர்வு. 0-0 என்றால் ராஜா பக்கக் கேஸ்லிங்.

முதல் கணக்கு: கேஸ்லிங்குக்கு இன்னும் எத்தனை நகர்வு?

ராஜா பக்கம் கேஸ்லிங் செய்யக் குறைந்தது 4 நகர்வு வேண்டும்: பிஷப்புக்கு வழிவிட ஒரு சிப்பாய், பிறகு குதிரை, பிஷப், கடைசியில் கேஸ்லிங். ராணி பக்கம் என்றால் ராணியும் நகர வேண்டியிருப்பதால் குறைந்தது 5. எந்த நிலையிலும் இந்த எண்ணை இரண்டு பக்கத்துக்கும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "எனக்கு 2, அவனுக்கு 1" என்று சொல்ல முடியாதவர் தாக்கப் போகக் கூடாது.

எதிராளியின் எண்ணை ஏன் பார்க்க வேண்டும்? ஆரம்பத் தாக்குதல்கள் பெரும்பாலும் எஃப்7 அல்லது எஃப்2 கட்டத்தைக் குறிவைத்துத்தான் வருகின்றன. தொடக்க நிலையில் ராஜா மட்டுமே காக்கும் கட்டம் அது. எதிராளி கேஸ்லிங் செய்தவுடன் அதை ரூக்கும் காக்கத் தொடங்குகிறது. ஒரு நகர்வுக்கு முன் பலவீனமாக இருந்த இடம், ஒரே நகர்வில் இருவர் காவலுக்குப் போய்விடும். கீழே வரும் எல்லா உதாரணமும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

குதிரை ஜி5: ஒரே பாய்ச்சல், மூன்று முடிவு

இதை மெதுவாகப் பார்ப்போம். நம் பிள்ளைகள் அதிகம் ஆடும் தாக்குதல் இதுதான்.

முதல் நிலை: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 பிஷப் சி5. இப்போதே 4. குதிரை ஜி5 ஆடினால் 4...ராணி × ஜி5. கதை முடிந்தது. கறுப்புக் குதிரை இன்னும் எஃப்6-க்கு வராததால் டி8-இலிருந்து ஜி5 வரை ராணிக்குத் திறந்த பாதை. சிரிக்காதீர்கள், பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டத்தில் பெரியவர்களும் இதைச் செய்கிறார்கள்.

இரண்டாவது நிலை: அதே தொடக்கம், 4. டி3 குதிரை எஃப்6 5. குதிரை ஜி5. இப்போது ராணியின் பாதை அடைபட்டிருக்கிறது, எஃப்7-ஐக் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து அடிக்கின்றன. பார்வைக்குப் பயங்கரம். கறுப்பு 5...0-0 என்று கேஸ்லிங் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கிறது. வெள்ளை விடவில்லை: 6. குதிரை × எஃப்7 ரூக் × எஃப்7 7. பிஷப் × எஃப்7 செக், ராஜா × எஃப்7.

புள்ளிக் கணக்கில் பார்த்தால் சமம். வெள்ளை கொடுத்தது குதிரையும் பிஷப்பும், 3+3=6. வாங்கியது ரூக்கும் சிப்பாயும், 5+1=6. "சமம்தானே, ராஜாவையும் வெளியே இழுத்துட்டேன்" என்று வெள்ளை நினைக்கும். இப்போது பலகையைப் பாருங்கள். கறுப்புக்குக் குதிரை சி6, குதிரை எஃப்6, பிஷப் சி5 என்று மூன்று காய் வெளியே நிற்கின்றன. வெள்ளைக்கு வெளியே நிற்கும் காய் ஒன்றுகூட இல்லை. இ4-இலும் டி3-இலும் இரண்டு சிப்பாய் மட்டும். ஏழு நகர்வில் ஐந்தை இரண்டு காய்களுக்குச் செலவழித்து, அந்த இரண்டும் பலகையை விட்டே போய்விட்டன. எஃப்7-இல் நிற்கும் ராஜாவைத் துரத்த வெள்ளையிடம் ஆளில்லை. அது நிதானமாக ஜி8-க்குப் போய்விடும். நடு ஆட்டத்தில் இரண்டு சிறு காய்கள் ஒரு ரூக்கையும் சிப்பாயையும் விட வலுவானவை, காரணம் ரூக்குக்குத் திறந்த வரிசை கிடைக்கும்வரை வேலையில்லை. இறுதி ஆட்டத்தில் இந்தக் கணக்கு மாறலாம், ஆனால் அதுவரை வெள்ளை தாக்குப்பிடிக்க வேண்டுமே.

மூன்றாவது நிலை: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை எஃப்6 4. குதிரை ஜி5. இதே பாய்ச்சல்தான், ஆனால் இது தவறில்லை. ஏன்? எண்ணுங்கள். கறுப்பின் பிஷப் இன்னும் எஃப்8-இலேயே இருக்கிறது. கேஸ்லிங்குக்குக் கறுப்புக்கு 2 நகர்வு, எஃப்7-இல் வெட்டு விழ 1 நகர்வு. கறுப்பால் நேரத்துக்கு வந்து சேர முடியாது. ஆகவே 4...டி5 என்று பிஷப்பின் பாதையை மறிக்க வேண்டியதாகிறது. 5. இ×டி5 ஆனதும் 5...குதிரை × டி5 என்று எடுத்தால் 6. குதிரை × எஃப்7 ராஜா × எஃப்7 7. ராணி எஃப்3 செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜா இ6-க்கு ஏறி நடுப் பலகையில் நிற்க வேண்டும். அதனால் கறுப்பு பொதுவாக 5...குதிரை ஏ5 ஆடும்.

பலித்த தாக்குதலுக்கும் விலை உண்டு. பிரதான வரி இப்படிப் போகிறது: 6. பிஷப் பி5 செக், சி6 7. டி×சி6 பி×சி6 8. பிஷப் இ2 எச்6 9. குதிரை எஃப்3 இ4 10. குதிரை இ5. வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ஆனால் வெள்ளை ஆடிய பத்து நகர்வில் குதிரை நான்கு தடவை, பிஷப் மூன்று தடவை. மீதி மூன்றும் சிப்பாய். பத்தாவது நகர்விலும் வெள்ளை கேஸ்லிங் செய்யவில்லை. கறுப்பு அந்த ஒரு சிப்பாயைக் கொடுத்து வாங்கியது இந்த நேரத்தைத்தான். இதை வெள்ளையில் ஆடுபவர் சிப்பாயை எண்ணி மகிழ்ந்துவிட்டு அடுத்து ராணியையும் இழுத்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வார். கேஸ்லிங்கை முடித்துவிட்டு ஆடுபவருக்கு அந்தச் சிப்பாய் கடைசிவரை உதவும்.

ராணியின் அவசரம்

1. இ4 இ5 2. ராணி எச்5. நான்கு நகர்வு மேட்டுக்காக வருவது எல்லோருக்கும் தெரியும். முதலில் கறுப்பில் ஆடுபவருக்கு இரண்டு எச்சரிக்கை. 2...ஜி6 என்று உடனே ராணியை விரட்டாதீர்கள், 3. ராணி × இ5 செக், அடுத்து எச்8 ரூக் போகும். 2...குதிரை சி6 ஆடி இ5-ஐக் காத்துக்கொண்டு, 3. பிஷப் சி4 வந்த பிறகு 3...ஜி6. அப்போதும் 3...குதிரை எஃப்6 ஆடிவிட்டால் 4. ராணி × எஃப்7 மேட். வரிசை மாறினால் மருந்தே விஷம்.

3...ஜி6 4. ராணி எஃப்3 குதிரை எஃப்6 ஆனதும் நின்று பாருங்கள். வெள்ளை ராணி நிற்பது எஃப்3-இல். அது ஜி1 குதிரையின் இயல்பான இடம். குதிரை இனி இ2-க்கோ எச்3-க்கோ போக வேண்டும். தாக்கப் போன காய், கேஸ்லிங்குக்கு வழிவிட வேண்டிய காயின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கறுப்புக்கோ ஜி6 வீணாகவில்லை, பிஷப் ஜி7-க்கு வர வழி திறந்திருக்கிறது. வெள்ளை இப்போது 5. குதிரை இ2 ஆடிப் பின்வாங்கினால் பெரிய சேதமில்லை. ஆனால் இந்தத் தொடக்கத்தை ஆடுபவர்கள் பின்வாங்கும் ரகம் இல்லையே. 5. ஜி4 என்று தள்ளுவார்கள். அடுத்து ஜி5, எஃப்6 குதிரையை விரட்டிவிட்டு எஃப்7-இல் மேட் என்பது திட்டம்.

அதற்குப் பதில்: 5...குதிரை டி4. ராணியும் சி2-உம் ஒன்றாகத் தாக்கப்படுகின்றன. 6. ராணி டி1. மூன்றாவது தடவை நகர்ந்து ராணி வீட்டுக்கே வந்துவிட்டது. 6...டி5 7. இ×டி5 பிஷப் × ஜி4 8. எஃப்3 குதிரை இ4. பிஷப்பைக் காப்பாற்றாமல் குதிரையை நடுவில் வைக்கிறது கறுப்பு. 9. எஃப்×ஜி4 ராணி எச்4 செக். எச்4-இலிருந்து இ1 வரை மூலைவிட்டத்தில் குறுக்கே நிற்க வெள்ளையிடம் ஒன்றுமில்லை. ஜி-சிப்பாய் போய்விட்டது, எஃப்-சிப்பாயும் இடம் மாறிவிட்டது. இ2-ஐ டி4 குதிரை காவல் காக்கிறது. 10. ராஜா எஃப்1 ஒன்றே வழி, அதற்கு 10...ராணி எஃப்2 மேட். இ4 குதிரை துணை நிற்கிறது.

இங்கே வெள்ளையைக் கொன்றது ராணியின் பயணம் மட்டுமில்லை. ஜி4, எஃப்3 என்ற இரண்டு சிப்பாய் நகர்வுகள்தான் மேட்டுக்குக் கதவைத் திறந்தன. கேஸ்லிங் செய்யாத ராஜாவுக்கு எஃப், ஜி சிப்பாய்கள்தான் வேலி. 1. எஃப்3 இ5 2. ஜி4 ராணி எச்4 என்ற இரண்டு நகர்வு மேட்டும் இதே மூலைவிட்டத்தில்தான் நடக்கிறது என்பதைப் பலகையில் வைத்துக் காட்டினால் சின்னப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இ-வரிசை திறந்தால்

கேஸ்லிங் செய்யாத ராஜாவுக்கு இரண்டாவது ஆபத்து, தான் நிற்கும் இ-வரிசையே. இரு பக்கச் சிப்பாய்களும் இ4, இ5-இல் முட்டிக்கொண்டு நிற்கும்வரை ராஜா பிழைத்துக்கொள்ளும். டி4 அல்லது டி5 விழுந்து, ஒரு வெட்டு நடந்து, வரிசை திறந்தால் அங்கே முதலில் வருவது யாருடைய ரூக், யாருடைய ராணி என்பதே கேள்வி.

சின்ன உதாரணம்: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை எஃப்6 3. குதிரை × இ5 குதிரை × இ4. "அவன் ஒரு சிப்பாய் எடுத்தான், நானும் எடுத்தேன்." 4. ராணி இ2. குதிரை தாக்கப்பட்டது என்று 4...குதிரை எஃப்6 திரும்பினால் 5. குதிரை சி6. மறைவிலிருந்து ராணி செக், குதிரை டி8 ராணியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ராணி போச்சு. 3...டி6 ஆடி முதலில் இ5 குதிரையை விரட்டிவிட்டு, பிறகு 4...குதிரை × இ4 எடுப்பதுதான் முறை. ஒரே சிப்பாயை ஒரு நகர்வு பொறுத்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே இ2 ராணி வேறொரு வேடத்தில்: 1. இ4 சி6 2. டி4 டி5 3. குதிரை சி3 டி×இ4 4. குதிரை × இ4 குதிரை டி7 5. ராணி இ2. இப்போது 5...குதிரை ஜி-எஃப்6 (ஜி8 குதிரை எஃப்6-க்கு) என்று சாதாரணமாக ஆடினால் 6. குதிரை டி6 மேட். இ7 சிப்பாய் ராஜாவோடு 'பின்' ஆகியிருப்பதால், அதாவது நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராஜா தாக்கப்படும் என்பதால், வெட்ட முடியாது. ராஜாவைச் சுற்றி எல்லாம் அதன் சொந்தக் காய்கள். இங்கே கறுப்பு அவசரப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் எதிராளி ராணி தன் ராஜாவுக்கு நேரே வந்து நிற்கும்போது "ஏன் இங்கே வந்தாள்?" என்று கேட்காமல் அடுத்த காயை எடுத்தது தவறு.

இதற்கு மாறாக, கேஸ்லிங்கே தாக்குதலாக மாறும் இடம் ஒன்று: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை எஃப்6 4. டி4 இ×டி4 5. 0-0. வெள்ளை ஒரு சிப்பாய் குறைவு, இ4-உம் காவலின்றித் தொங்குகிறது. 5...குதிரை × இ4 6. ரூக் இ1. எஃப்1-க்கு வந்த ரூக் அடுத்த நகர்விலேயே இ-வரிசையில் நிற்கிறது, இ4 குதிரை ராஜாவோடு பின். 6...டி5 7. பிஷப் × டி5 ராணி × டி5 8. குதிரை சி3. இந்தக் குதிரையை டி4 சிப்பாயால் வெட்டினால் டி-வரிசை திறந்து 9. ராணி × டி5. இ4 குதிரையாலும் வெட்ட முடியாது, பின். கறுப்பு 8...ராணி ஏ5 ஆடி, 9. குதிரை × இ4 பிஷப் இ6 என்று இ-வரிசையை அடைத்துத் தப்பித்துக்கொள்கிறது; ஆட்டம் சமநிலைதான். ஆனால் கறுப்பு ஒவ்வொரு நகர்வையும் சரியாக ஆட வேண்டியிருந்தது, வெள்ளை ஆடியதெல்லாம் இயல்பாகக் கைக்கு வந்தவை. ராஜா இடம் மாறியதோடு ரூக்கும் வேலைக்கு வந்ததுதான் வித்தியாசம்.

ஃபோனில் கற்ற பொறிகள்

1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் சி4 குதிரை டி4. மாமாக் உணவுக்கடை மேசையில் பிளிட்ஸ் ஆடும் பையன்கள் இதை விரும்பி ஆடுவார்கள். இ5 சிப்பாயைத் தூண்டில் போல விட்டிருக்கிறார்கள். 4. குதிரை × இ5 ராணி ஜி5 5. குதிரை × எஃப்7 ராணி × ஜி2 6. ரூக் எஃப்1 ராணி × இ4 செக் 7. பிஷப் இ2 குதிரை எஃப்3 மேட். வெள்ளை செய்தது அதே பழைய பிழை: கேஸ்லிங்குக்கு ஒரே ஒரு நகர்வு பாக்கி இருக்கும்போது குதிரையை இ5-க்கும் எஃப்7-க்கும் ஓட்டியது.

பதில் எளிது. 4. குதிரை × டி4 இ×டி4 5. 0-0. கறுப்பு ஒரே குதிரையை இரண்டு தடவை நகர்த்தி அதையும் மாற்றிவிட்டது. வெளியே ஒரு காய்கூட இல்லை. வெள்ளை கேஸ்லிங்கை முடித்துவிட்டது. பொறி வைப்பவருக்கும் இந்தக் கட்டுரையின் கணக்கு பொருந்தும் என்பதால்தான் இதைச் சேர்த்தோம். மேட் விழுந்தால் கைதட்டல், விழாவிட்டால் கேஸ்லிங் போட்டியில் நீங்கள்தான் பின்னால்.

பிஷப்பை ஜி4-இல் கொண்டுபோய்க் குதிரையைப் பின் செய்வது இன்னொன்று. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 டி6 3. பிஷப் சி4 பிஷப் ஜி4 4. குதிரை சி3 ஜி6 5. குதிரை × இ5. பின் ஆன குதிரை பாய்ந்துவிட்டது! ராணியை எடுத்தால், 5...பிஷப் × டி1 6. பிஷப் × எஃப்7 செக், ராஜா இ7 7. குதிரை டி5 மேட். எடுக்காமல் 5...டி×இ5 என்றால் 6. ராணி × ஜி4, வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம். ராணிக்கு முன்னால் நிற்கும் குதிரை கட்டுப்பட்டது போலத் தெரியும், ஆனால் அது நகர்வதற்கு விதிப்படி தடையில்லை. ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காய்க்கு மட்டுமே அந்தத் தடை. உங்கள் ராஜா நடுவில் நின்றால் முதல் வகைப் பின்னை நம்பாதீர்கள்.

1858-இல் பாரிஸில் பால் மோர்ஃபி, பிரன்ஸ்விக் டியூக்கும் கவுண்ட் இசுவார்டும் சேர்ந்து ஆடிய கறுப்புக்கு எதிராக வென்ற 17 நகர்வு ஆட்டமும் ஜி4 பிஷப்பில்தான் தொடங்குகிறது. 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 டி6 3. டி4 பிஷப் ஜி4 4. டி×இ5 பிஷப் × எஃப்3 5. ராணி × எஃப்3 டி×இ5 6. பிஷப் சி4 குதிரை எஃப்6 7. ராணி பி3 ராணி இ7. எல்லோரும் கடைசி ராணித் தியாகத்தைத்தான் காட்டுவார்கள். நீங்கள் ஏழாவது நகர்வில் நிறுத்திப் பாருங்கள். ராணி இ7-இல் நின்றதால் எஃப்8 பிஷப்புக்கு வெளியே வர வழியில்லை. பிஷப் வராமல் கேஸ்லிங் இல்லை, கேஸ்லிங் இல்லாமல் எச்8 ரூக் இல்லை. எஃப்7-ஐக் காக்க வந்த ராணிதான் சொந்த ராஜாவைச் சிறை வைத்தது. ஆட்டம் முடியும்போதும் அந்தப் பிஷப்பும் ரூக்கும் பிறந்த இடத்திலேயே நிற்கின்றன. மோர்ஃபியோ 12-ஆவது நகர்வில் ராணி பக்கம் கேஸ்லிங் செய்து அதே நகர்வில் ரூக்கை டி-வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

கேஸ்லிங் இல்லாமலே தாக்கலாம் என்கிற நேரம்

எப்போதும் முதலில் கேஸ்லிங் என்று குருட்டுப் பாடமாக வைத்துக்கொண்டாலும் அடி விழும். 1. இ4 இ5 2. குதிரை எஃப்3 குதிரை சி6 3. பிஷப் பி5 ஏ6 4. பிஷப் × சி6 டி×சி6 5. 0-0 பிஷப் ஜி4 6. எச்3 எச்5. வெள்ளை கேஸ்லிங் செய்துவிட்டது, கறுப்பு செய்யவில்லை, ஆனாலும் 7. எச்×ஜி4 எச்×ஜி4 ஆனால் ஆபத்து வெள்ளைக்குத்தான். எச்-வரிசை திறந்துவிட்டது, எச்8 ரூக் நகராமலே தாக்குதலில் சேர்ந்துவிட்டது. 8. குதிரை எச்2 என்றால் 8...ராணி எச்4, அடுத்து எச்2-இல் மேட் மிரட்டல். கறுப்பு ராஜாவுக்கு நேரே இ4, இ5 சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நிற்பதால் வெள்ளையால் உடனே எதிரடி கொடுக்க முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் அந்தப் பிஷப்பைத் தொடாமல் 7. டி3 ஆடுவார்கள்.

நடுவில் சிப்பாய்கள் பூட்டிக்கொண்ட நிலையிலும், உதாரணமாக வெள்ளைக்கு டி4, இ5, கறுப்புக்கு டி5, இ6 என்று இருக்கையில், எச்-சிப்பாயைத் தள்ளியோ குதிரையைச் சுற்றிக் கொண்டுவந்தோ ஆட நேரம் உண்டு. பூட்டு திறக்கும் நகர்வு எதிராளி கையில் இருக்கிறதா, சி5-ஓ எஃப்6-ஓ வருமா என்று மட்டும் கண் வைத்திருங்கள்.

நகர்த்துவதற்கு முன் கேட்க வேண்டியவை

கேஸ்லிங்குக்கு முன் எதிராளி எல்லைக்குள் (கறுப்பு 4-ஆம் குறுக்கு வரிசைக்கு, வெள்ளை 5-ஆம் குறுக்கு வரிசைக்கு) காயை வைக்கும் முன் இந்த வரிசையில் கேளுங்கள். எதிராளி அடுத்த நகர்விலேயே கேஸ்லிங் செய்ய முடியுமா? முடியும் என்றால் எஃப்7 திட்டத்தைக் கைவிடுங்கள். என் காயை ஒரு சிப்பாயோ குதிரையோ அடித்து விரட்ட முடியுமா? விரட்டினால் எதிராளிக்கு ஒரு நகர்வு இலவசம். டி4 அல்லது டி5 வந்தால் இ-வரிசை திறக்குமா? திறந்தால் என் ராஜா எங்கே? தாக்குதலில் எத்தனை காய் சேர்கின்றன? இரண்டு காய் போய்க் காவல் உள்ள ராஜாவை ஒன்றும் செய்ய முடியாது. குறைந்தது மூன்றாவது காய்க்கு வழி இருக்க வேண்டும். கடைசியாக, அந்தக் காய் என் சொந்தக் கேஸ்லிங் பாதையை அடைக்கிறதா? எஃப்3 ராணியும் இ7 ராணியும் நினைவிருக்கட்டும்.

நம் கேஸ்லிங்கைத் தடுக்கும் எதிராளியின் காய்களையும் பார்க்க வேண்டும். ஏ6-இல் ஒரு கறுப்பு பிஷப் நின்று எஃப்1-ஐ அடித்தால் வெள்ளை ராஜா அந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது. ஏ3-இல் வெள்ளை பிஷப் நின்றால் எஃப்8 அதேபோல். தாக்கப் போவதற்கு முன் இந்த மூலைவிட்டங்கள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரூக் தாக்கப்படுவதால் கேஸ்லிங் தடைபடாது. ராணி பக்கக் கேஸ்லிங்கில் பி1, பி8 கட்டம் தாக்கப்பட்டாலும் பரவாயில்லை, ராஜா அந்தக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

பலகையில் கை வைக்கும்போது

ஆன்லைனில் மட்டும் ஆடிப் பழகியவர்கள் போட்டி அரங்கில் வீணாகக் கேஸ்லிங்கை இழப்பதைப் பார்க்கலாம். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி முதலில் ராஜாவைத் தொட வேண்டும், இரண்டு கட்டம் நகர்த்த வேண்டும், பிறகு அதே கையால் ரூக்கை. ரூக்கை முதலில் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால், அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது. ரூக்கைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு கையால் செய்யக் கூடாது. கேஸ்லிங் சட்டப்படி முடியாத நிலையில் ராஜாவையும் ரூக்கையும் தொட்டுவிட்டால், ராஜாவை வேறு சட்டப்படியான இடத்துக்கு நகர்த்தியாக வேண்டும். அதாவது, "முடியும்னு நெனச்சேன் டீச்சர்" என்று கையை எடுத்துக்கொள்ள முடியாது. ராஜா இ2-க்கு ஏறுவதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். கிளாசிக்கல் (நீண்ட நேர) ஆட்டத்தில் விதிக்கு மாறான நகர்வைச் செய்து கடிகாரத்தை அழுத்திவிட்டால் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், இரண்டாவது தடவை பொதுவாக ஆட்டமே போய்விடும்.

பயிற்சி

ஆட்டத் தாளில் மூன்று குறி போடப் பழக்குங்கள். உங்கள் கேஸ்லிங் நகர்வு எண்ணை வட்டமிடுங்கள், எதிராளியின் எண்ணையும். அதற்கு முன் ஒரே காயை இரண்டாவது தடவை நகர்த்திய இடங்களில் அடிக்கோடு போடுங்கள். எதிராளி வெட்ட வந்ததால் நகர வேண்டியிருந்தால் அதைச் சுழித்துக் காட்டுங்கள். சுழித்த அடிக்கோடு ஒவ்வொன்றும் எதிராளிக்கு நீங்கள் கொடுத்த இலவச நகர்வு. பத்து ஆட்டத் தாளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்தக் காய் உங்களைக் கெடுக்கிறது என்று தெரிந்துவிடும். பலருக்கு அது ராணி, சிலருக்கு ராஜா பக்கக் குதிரை.

பிறகு அந்தக் காயை வைத்து ஒரு பயிற்சி. குதிரை என்றால் மேலே சொன்ன இரண்டாவது நிலையை, 5. குதிரை ஜி5 0-0 வரை, பலகையில் அமைத்து, இருவர் மாறி மாறி வெள்ளையாகவும் கறுப்பாகவும் 10 நிமிட ஆட்டம் ஆடுங்கள். வெள்ளையில் ஆடுபவர் எஃப்7-இல் வெட்ட வேண்டும் என்பது விதி. ராணி என்றால் 4. ராணி எஃப்3 குதிரை எஃப்6 நிலையிலிருந்து, 5. ஜி4 ஆடக் கூடாது என்று வெள்ளைக்குத் தடை போட்டுவிடுங்கள், அப்போதுதான் அந்த எஃப்3 ராணி குதிரைக்கும் கேஸ்லிங்குக்கும் எவ்வளவு இடைஞ்சல் என்று கையால் உணர முடியும். ஆட்டம் முடிந்ததும் கணினி மதிப்பீட்டைத் திறப்பதற்கு முன், எந்த நகர்வில் எந்தப் பக்கம் கேஸ்லிங் கணக்கில் முந்தியது என்று இருவரும் தனித்தனியாகத் தாளில் எழுதி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.